கனவு என்று தெரிந்த பிறகும் அது ஏன் சொன்னபடி கேட்பதில்லை?

கேள்வி இதுதான்: "மாதத்தில் ஓரிரு முறை, கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. பறக்க எம்பினால் ஓரடி உயர்ந்து விழுகிறேன். பார்க்க நினைத்தவர் வருவதில்லை. துரத்துகிறவன் துரத்திக்கொண்டே இருக்கிறான். கொஞ்சம் அழுத்தி முயன்றால் விழிப்பு வந்துவிடுகிறது. இப்படிக் கனவு என்று தெரிந்தே காணும் லூசிட் கனவில் எல்லாம் நம் கையில் என்கிறார்களே, அந்தக் கட்டுப்பாட்டை எப்படிக் கற்றுக்கொள்வது?"

'எல்லாம் நம் கையில்' என்பதை முதலில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கனவு என்று அறிவது ஒரு திறமை, அதை மாற்றுவது இன்னொரு திறமை. முதலாவது வந்தவர்களுக்கெல்லாம் இரண்டாவது தானாக வருவதில்லை. 2016-இல் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வாழ்நாளில் ஒரு முறையாவது லூசிட் கனவு கண்டவர்கள் சுமார் 55 சதவீதம் என்றும், மாதம் ஒன்றோ அதற்கு மேலோ காண்பவர்கள் சுமார் 23 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். நீங்கள் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறீர்கள், அதாவது கடினமான பாதியைத் தாண்டிவிட்டீர்கள். டாடாஸ் ஸ்டும்ப்ரிஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு விஷயம் தெரிந்தது. விழித்திருக்கும்போது 'கனவில் இதைச் செய்ய வேண்டும்' என்று திட்டமிட்டவர்களுக்கு, கனவில் அந்தத் திட்டம் நினைவுக்கு வந்ததே ஏறக்குறைய பாதி முறைதான். நினைவுக்கு வந்த பிறகும் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. ஆக, உங்கள் அனுபவம்தான் வழக்கமானது.

இது வெறும் கற்பனையா என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால், அது எப்போதோ தீர்ந்துவிட்டது. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம் கனவில் தெளிவு (அதாவது 'இது கனவு' என்ற உணர்வு) வந்ததும் கண்களை இடமும் வலமுமாக அசைக்கச் சொன்னார். கனவு அதிகம் வரும் ரெம் உறக்கத்தில் உடல் தசைகள் பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும், கண்ணும் மூச்சும் முக்கியமான விதிவிலக்கு. முன்பே பேசிவைத்த அந்தக் கண் அசைவு, வொர்ஸ்லி உறங்கிக்கொண்டிருந்தபோதே கருவியில் பதிவானது. சில ஆண்டுகளில் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் இதையே தனியாகச் செய்து காட்டினார். அப்புறம் வந்த ஆய்வுகள் எல்லாம் இந்தக் கண் சமிக்ஞையின் மேல் நிற்பவை.

சரி, கட்டுப்பாடு ஏன் வழுக்குகிறது?

விழித்திருக்கும்போது மூளை அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகம் தவறினால் கண்ணும் காதும் உடனே திருத்திவிடும். உறக்கத்தில் அந்தத் திருத்தம் ஏறக்குறைய நின்றுபோகிறது. எனவே ஊகமே காட்சியாகிவிடுகிறது. இருட்டுச் சந்தில் நடக்கிறீர்கள், 'யாரோ பின்னால் வருகிறார்களோ' என்று தோன்றுகிறது, உடனே காலடிச் சத்தம் கேட்கிறது. கனவுக்குள் அச்சம் இவ்வளவு விரைவாக உருவம் எடுப்பது இதனால்தான். இதிலிருந்து எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு: கனவு உங்கள் கட்டளையைக் கேட்பதில்லை, உங்கள் எதிர்பார்ப்பைக் கேட்கிறது. 'பற!' என்று உங்களுக்கு நீங்களே ஆணையிடும்போது, அடிமனதில் 'முடியுமா, விழுந்துவிடுவேனோ' என்று ஓடுகிறதல்லவா, கனவு வரைந்து காட்டுவது அதைத்தான். அழுத்தி முயல்வது இன்னும் மோசம். முயற்சி என்பதே 'இது கடினம்' என்ற எதிர்பார்ப்பைச் சுமந்து வருகிறது. தூக்கம் வராத இரவில் தூங்கியே ஆக வேண்டும் என்று முனைந்தால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும் இல்லையா, அதே கதைதான்.

எதிர்பார்ப்பை மாற்றும் வழிகளுக்குப் போகும் முன், கனவு கலையாமல் நிற்க வேண்டும். தெளிவு வந்ததும் வரும் பரபரப்புதான் பெரும்பாலும் விழிப்பைக் கொண்டுவருகிறது. 'ஆஹா, கனவு!' என்று துள்ளிய மறு நொடி படுக்கையில் கிடப்பீர்கள். அதனால் முதல் அரை நிமிடம் எதையும் மாற்ற வேண்டாம். கனவில் இருக்கும் கைகளைப் பரபரவென்று தேய்த்து, அந்தச் சூட்டையும் உராய்வையும் கவனியுங்கள். சுவரைத் தொடுங்கள், தரையைக் காலால் அழுத்துங்கள், பக்கத்தில் இருப்பதை முகர்ந்து பாருங்கள். கனவு உடலின் உணர்வுகளில் கவனம் நிறைந்திருக்கும்வரை, படுக்கையில் கிடக்கும் நிஜ உடலின் உணர்வுக்கு உள்ளே நுழைய இடம் கிடைப்பதில்லை.

காட்சி ஏற்கனவே மங்கத் தொடங்கிவிட்டதா? நின்ற இடத்திலேயே, கைகளை விரித்துக்கொண்டு சுழலுங்கள். இந்த உத்தி லாபெர்ஜுடையது. அவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சுழல்வதும் கைகளைத் தேய்ப்பதும் கனவை நீட்டித்தன, சும்மா இருந்தவர்களுக்குக் கனவு பெரும்பாலும் கலைந்தது. சுழற்சியில் ஒரு பக்கவிளைவு உண்டு. நிற்கும்போது பெரும்பாலும் வேறு இடத்தில் இருப்பீர்கள். இருந்த காட்சியே வேண்டுமென்றால் கைகளைத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுழலும்போது 'அடுத்து வருவதும் கனவுதான்' என்று சொல்லிக்கொண்டே இருப்பது அவசியம், ஏனென்றால் சுழன்று நின்றதும் உங்கள் படுக்கையில் 'விழித்துக்கொள்வது' போன்ற பொய் விழிப்பு அடிக்கடி வரும். அதை நம்பிவிட்டால் தெளிவு போயிற்று. விழித்தேன் என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னச் சோதனை செய்யும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். ஏதாவது எழுத்தை ஒரு முறை படித்து, பார்வையை விலக்கி, மறுபடி படியுங்கள். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறியிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சுவிட முயல்வது இன்னொன்று. கனவானால் மூச்சு தாராளமாக வரும்.

செய்யக் கூடாதது ஒன்று: எதையும் நெடுநேரம் அசையாமல் உற்றுப் பார்ப்பது. ஜெர்மன் உளவியலாளர் பவுல் டோலாய் கனவிலிருந்து வேண்டுமென்றே விழிப்பதற்குச் சொன்ன வழியே அதுதான். கண்ணை மூடிக்கொள்வதும் சிலருக்கு விழிப்பில் முடியும். ஆகவே பார்வை மெல்ல உலவிக்கொண்டே இருக்கட்டும்.

இப்போது மாற்றுவதற்கு வருவோம். அடிப்படை உத்தி சுற்றுவழி. எது எளிதில் நடக்கும் என்று உங்கள் மனமே நம்புகிறதோ, அந்த வழியாக நீங்கள் விரும்புவதைக் கொண்டுவாருங்கள். ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெட்டவெளியில் அவர் திடீரென்று தோன்ற வேண்டும் என்று முறைத்துப் பார்த்தால் வரமாட்டார். கண்ணெதிரே வெறுமையாக இருக்கும் இடத்தில் ஒரு ஆள் முளைப்பதை மனம் ஏற்பதில்லை. அதற்குப் பதில், பக்கத்து அறைக் கதவைப் பார்த்து, 'அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்' என்று சாதாரணமாக நினைத்துக்கொண்டு கதவைத் திறங்கள். அல்லது அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்று எண்ணித் திரும்புங்கள். மூடிய கதவு, தெரு முனை, பின்புறம், சட்டைப்பை, இழுப்பறை என்று பார்வைக்கு எட்டாத இடங்கள்தான் கனவில் உங்கள் பட்டறை. அங்கே என்ன இருக்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை, உங்கள் எதிர்பார்ப்பு போய் அதை முடிவு செய்யும். கையில் ஒரு டார்ச் வேண்டுமா? சட்டைப்பையில் கையை விட்டுத் துழாவுங்கள். வேறு ஊருக்குப் போக வேண்டுமா? அந்த ஊர் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். பேச்சும் உதவும். 'இந்தக் கதவுக்கு வெளியே கடல்' என்று வாய்விட்டுச் சொன்னால், நினைப்பு பாதியில் வேறு பக்கம் ஓடாது.

விளக்கு சுவிட்ச் இதற்கு நல்ல உதாரணம். கனவில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியாது என்று பலர் சொல்வதை ஹெர்ன் 1981-இல் எழுதினார். அவர் கேட்டுக்கொண்டபடி கனவில் செய்து பார்த்தவர்களில் பெரும்பாலோரால் இருட்டறையில் வெளிச்சம் கொண்டுவர முடியவில்லை. அந்த நேரத்தில் மூளை உண்டாக்கக்கூடிய வெளிச்சத்துக்கே ஓர் உச்சவரம்பு இருக்கலாம் என்பது அவர் ஊகம். சிலருக்கு சுவிட்ச் வேலை செய்யவும் செய்கிறது, ஆகவே எதிர்பார்ப்புக்கும் இதில் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். எப்படியானாலும், சுவிட்சோடு மல்லுக்கட்டாமல், கதவைத் திறந்து பகல் வெளிச்சத்துக்குள் நடந்துவிடுவது எளிது.

பறப்பதில் எல்லோருக்கும் ஆசை, அதனாலேயே முதல் நாளே அதில் இறங்கித் தோற்கிறார்கள். விழித்திருக்கும் வாழ்க்கையில் பறந்த அனுபவம் உடலுக்கு இல்லை, விழுந்த அனுபவம் நிறைய உண்டு. எனவே உடலுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். காற்றைத் தண்ணீராக நினைத்து நீந்துங்கள். இல்லாவிட்டால் நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் நீட்டி, தாவலாக்கி, அடுத்த தாவலில் இறங்கச் சற்றுத் தாமதியுங்கள். தாவலில் மிதப்பு வந்துவிட்டால் பறத்தல் தொலைவில் இல்லை. கீழே பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். விழுந்தால் விழுங்கள், கனவில் விழுந்தால் செத்துப்போவோம் என்பதெல்லாம் கட்டுக்கதை. விழுவதை நீங்களே தேர்ந்தெடுத்ததுபோல் விட்டுக்கொடுத்தால், பாதி வழியில் அது மிதப்பாக மாறுவதும் உண்டு.

துரத்துகிறவன் விஷயம் தனி. அவனை மறையச் செய்யவோ அடிக்கவோ முயல்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சிலருக்கு அது பலிக்கும். ஆனால் பயத்தோடு அடிக்கும்போது, அவன் எழுந்து வருவான் என்ற எதிர்பார்ப்பும் கூடவே இருக்கும், எழுந்தும் வருவான். டோலாய் பரிந்துரைத்தது ஓடாமல் திரும்பி நிற்பது, நேராக முகத்தைப் பார்ப்பது, 'நீ யார், உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பது. எதிரி உருவம் சிறுத்துப்போவதும், தெரிந்த முகமாக மாறுவதும், ஏதாவது பேசத் தொடங்குவதும் இப்படிச் செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. கெட்ட கனவுகளுக்கான லூசிட் கனவுச் சிகிச்சையின் மையமும் ஏறக்குறைய இதுதான். நெதர்லாந்தில் 2006-இல் வெளியான ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன. ஒன்று மட்டும்: கனவு மனிதர்கள் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். டோலாய் அவர்களிடம் கணக்குப் போடச் சொல்லியே பார்த்திருக்கிறார். கவிதை, படம் எல்லாம் சிலருக்கு வந்தது, கணக்கில் மட்டும் படு மோசம்.

எதிர்பார்ப்பை எவ்வளவு பழக்கினாலும், கனவில் திட்டம் மறந்துபோனால் பயனில்லை. உண்மையில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். தெளிவு வரும், 'அப்புறம் என்ன செய்யலாம்?' என்று நிற்பார்கள், அதற்குள் கதை அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே படுக்கும் முன் ஒரே ஒரு சிறிய வேலையை முடிவு செய்யுங்கள். 'எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவேன்' என்பது திட்டமாகாது. 'தெளிவு வந்ததும் கைகளைத் தேய்ப்பேன், பக்கத்தில் இருக்கும் கதவைத் திறந்து கடற்கரைக்குள் போவேன்' என்பது திட்டம். அது நிறைவேறும்வரை இரண்டாவது வேலையைச் சேர்க்காதீர்கள்.

இதை மனதில் பதிக்க லாபெர்ஜ் வகுத்த மைல்ட் (MILD, நினைவூட்டல் வழியாக லூசிட் கனவைத் தூண்டுவது) என்ற முறை பொருத்தமானது. சுமார் ஐந்து மணி நேரம் உறங்கிய பின் எழுங்கள். சற்று முன் கண்ட கனவை முழுதாக நினைவுபடுத்துங்கள். அதில் விநோதமாக இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் 'இது கனவு' என்று உணர்வதாகக் கற்பனை செய்யுங்கள். உங்கள் விஷயத்தில் கற்பனை அங்கேயே நிற்க வேண்டாம். கைகளைத் தேய்த்துக் கதவைத் திறப்பதுவரை, கடற்காற்று முகத்தில் படுவதுவரை போகட்டும். 'அடுத்த கனவில் கனவு என்று நினைவுகொள்வேன்' என்று சொல்லிக்கொண்டே உறங்கிவிடுங்கள். உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக வருவதும், விடியலை நெருங்க நெருங்க ரெம் பகுதி நீள்வதும்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம். அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைப் பழக்கமும் இந்த நடு இரவு விழிப்பும் மைல்டும் சேர்ந்தபோது முயன்ற இரவுகளில் 17 சதவீதம் பலித்தது. முறையை முடித்த ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிவிட்டவர்களுக்கு அது 46 சதவீதம்வரை உயர்ந்தது. அதனால் ஒரு மணி நேரம் விழித்திருந்து கடமையாகச் செய்வதைவிட, சுருக்கமாகச் செய்துவிட்டு உறங்குவது மேல்.

காலையில் எழுதும் கனவுக் குறிப்பில் என்ன நடந்தது என்பதோடு, எந்த நொடியில் பிடி நழுவியது என்பதையும் எழுதுங்கள். 'கதவைத் தொட்டேன், பூட்டியிருக்குமோ என்று நினைத்தேன், பூட்டியிருந்தது.' இப்படி நாலைந்து குறிப்புகள் சேர்ந்தாலே உங்களுடைய சந்தேகம் எந்த வடிவத்தில் வருகிறது என்று பிடிபட்டுவிடும். சிலருக்குக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும், அவர்கள் சுவர் வழியாக முதுகைக் காட்டியபடி பின்னோக்கி நடந்து போவார்கள். பார்க்காத சுவர் தடுப்பதில்லை.

எவ்வளவு தூரம் போகலாம்? பழகியவர்களுக்கே முழு ஆட்சி கிடைப்பதில்லை. காட்சியின் ஒரு மூலையை நீங்கள் மாற்றுவீர்கள், மீதியை மூளை தன் போக்கில் நிரப்பும். நேரமும் உங்கள் விருப்பப்படி நீளாது. லாபெர்ஜ் தொடங்கி எர்லாக்கர், ஷ்ரெட்ல் என்ற உறக்க ஆய்வாளர்கள் வரை அளந்ததில், கனவில் எண்ண எடுக்கும் நேரம் விழிப்பில் எடுப்பதற்கு அருகில்தான் இருந்தது, உடற்பயிற்சி போன்ற உடல் அசைவுகளுக்குக் கனவில் இன்னும் அதிக நேரம் ஆனது. ஒரு கனவுக்குள் பல ஆண்டுகள் வாழலாம் என்ற ஆசையை விட்டுவிடலாம். அதே எர்லாக்கரும் ஷ்ரெட்லும் 2010-இல் காட்டியது நம்பிக்கை தரக்கூடியது: கனவில் கோப்பைக்குள் நாணயம் எறிந்து பழகியவர்கள், காலையில் நிஜமாகவே சற்று நன்றாக எறிந்தார்கள். 2021-இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வகங்கள் சேர்ந்து 36 பேரிடம் செய்த சோதனையில், கனவு காண்பவரிடம் வெளியிலிருந்து '8 இல் 6 போனால்?' போன்ற கேள்விகள் கேட்டார்கள். கண்ணசைவாலும் முகத் தசையாலும் சரியான பதில் வந்தது சுமார் 18 சதவீத முறைதான். பயிற்சி பெற்றவர்களோடு, வசதியான ஆய்வகத்தில், ஒரு சின்னக் கணக்குக்கே இந்த நிலை. உங்கள் கதவு முதல் மாதத்தில் திறக்கவில்லை என்றால் வருந்த ஒன்றுமில்லை.

மாத்திரைகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அல்சைமர் நோய்க்குத் தரும் கேலன்டமைன் 2018-இல் 121 பேரிடம் சோதிக்கப்பட்டது. மருந்தில்லாத போலி மாத்திரையில் 14 சதவீதம் பேருக்கு லூசிட் கனவு வந்தது, 4 மில்லிகிராமில் 27, 8 மில்லிகிராமில் 42. எண் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது இதயத் துடிப்பையும் வயிற்றையும் பாதிக்கக்கூடிய மருந்து, மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. தவிர, உங்களுக்குத் தெளிவு ஏற்கனவே வருகிறது, குறைவது கட்டுப்பாடு. அதற்கு மாத்திரை தேடுவதில் அர்த்தமில்லை.

நடு இரவில் எழும் பயிற்சியை வாரத்தில் ஓரிரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம், அதுவும் மறுநாள் தாமதமாக எழ முடிகிற நாளில். உறக்கம் கெட்டால் கனவும் சேர்ந்தே கெடும். மனச்சிதைவு போன்ற நோய் இருந்தவர்களும், விழித்திருக்கும்போதே 'இது நிஜமா' என்ற குழப்பம் அடிக்கடி வருகிறவர்களும் இந்தப் பயிற்சியில் தாங்களாக இறங்கக் கூடாது. பழைய அதிர்ச்சி ஒன்று கெட்ட கனவாகத் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், துரத்துகிறவனைத் தனியே எதிர்கொள்ளும் முயற்சிக்கு முன் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இடையில் விழித்து உறங்கும் இரவுகளில் சிலருக்கு உறக்க முடக்கம் வரும்: விழிப்பு வந்திருக்கும், உடல் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். ரெம் நேரத்துத் தசைச் செயலிழப்பு கொஞ்சம் மிச்சமிருப்பதால் வருவது அது. எழ முயன்று போராடாமல், மூச்சை நிதானமாக இழுத்துவிட்டு ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள், சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ விலகிவிடும்.